இரவில் தங்கியவர்கள்

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு பல்கலைக்கழகக் கருத்தரங்கில் சகோதரி சுப்புலட்சுமி பற்றிக் கட்டுரை வாசித்தேன். 22 பக்கம். நன்றாக வந்திருக்கிறது என்று சொன்னார்கள், தொகுப்பிலும் சேர்த்தார்கள். அந்தக் கட்டுரையில் அவருடைய சித்தி வாலாம்பாள் ஒரே ஓர் இடத்தில் வருகிறார், அதுவும் அடிக்குறிப்பில். ‘வீட்டு நிர்வாகத்தைக் கவனித்துக்கொண்டவர்’ என்று எழுதியிருக்கிறேன். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

அந்த அடிக்குறிப்பு ஆறு ஆண்டுகள் என்னை உறுத்தவில்லை. உறுத்தத் தொடங்கியது நூலகத்தில் அல்ல. வடசென்னையில், வீடற்ற இளம்பெண்களுக்கான ஒரு தங்கும் இல்லத்தில், இரவு ஒன்பது மணிக்கு மேல்.

அந்த இல்லத்துக்கு நான்கு ஆண்டுகளாகச் சனிக்கிழமைகளில் போய்வருகிறேன். அங்கே என் பொறுப்புக்கு ‘மென்டார்’ என்று பெயர். தமிழாசிரியை ஆயிற்றே என்று ‘வழிகாட்டி’ எனச் சொல்லிப் பார்த்தேன், யாருக்கும் ஒட்டவில்லை. பிள்ளைகள் ‘சனிக்கிழமை மிஸ்’ என்றார்கள். அதுதான் பொருத்தமான பெயர், வாரத்தில் ஏழில் ஒரு பங்கு. பாட்டி செத்த பிறகு வேறு ஆள் இல்லாமல் வந்தவள், அம்மாவின் இரண்டாம் கணவனுக்குப் பயந்து எழும்பூரில் ரயில் இறங்கியவள், செங்கல் சூளையிலிருந்து மீட்கப்பட்டவள், காதலித்தவனோடு வந்து அவனால் கைவிடப்பட்டவள் என்று ஒரே சமயத்தில் இருபத்தைந்து முப்பது பெண்கள் இருப்பார்கள். வயது பதின்மூன்றிலிருந்து பதினெட்டுவரை. குழந்தைகள் நலக் குழுவின் ஆணையோடு ஒவ்வொருத்தியும் உள்ளே வருவாள். நான் தேர்வுக்குப் படிக்க உதவுவேன், விண்ணப்பங்கள் நிரப்புவேன், பேச வந்தால் பேசுவேன். ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவேன்.

நான் கிளம்பும் நேரத்தில் ஆயாம்மா உள்ளே வருவார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நியமன ஆணையில் ‘இல்லத் தாய்’ என்று போட்டிருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய ஒப்பந்த வேலை. ஒருமுறை மழையில் பேருந்து நின்றுபோய் அங்கேயே இரவு தங்க நேர்ந்தது. அன்றுதான் அந்த வேலை என்னவென்று பார்த்தேன். மாடிப்படியின் அடியில், யார் இறங்கினாலும் தன்னைத் தாண்டித்தான் போக வேண்டும் என்கிற மாதிரி, குறுக்கே பாய் போட்டுப் படுத்துக்கொண்டார். தூக்கம் என்று சொல்ல முடியாது. நள்ளிரவில் ஒருத்தி அலறிக்கொண்டு எழுந்தாள், போய் முதுகைத் தடவிவிட்டு வந்தார். விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து ஒரு கட்டிலிலிருந்து நனைந்த விரிப்பை உருவிக்கொண்டு போய் அலசிக் கொடியில் மற்ற துணிகளுக்கு நடுவே போட்டார். அந்தப் பெண்ணுக்கு வயது பதினைந்து. மற்றவர்கள் எழுவதற்குள் வேலை முடிந்துவிட வேண்டும். “எத்தனை நாளா ஆயாம்மா?” என்று கேட்டேன். “வந்ததுலேர்ந்து. யாருக்கும் தெரியாது மிஸ். நீங்களும் மறந்துருங்க.”

மறக்கவில்லை. வீட்டுக்கு வந்து என் பழைய கட்டுரையை எடுத்துப் பார்த்தேன்.

சுப்புலட்சுமியின் கதை பெண் கல்வி வரலாற்றில் பலருக்கும் தெரிந்தது. 1886-இல் பிறந்தவர். சிறுமியாக இருக்கும்போதே திருமணம், சிறிது காலத்திலேயே கணவன் இறப்பு. தந்தை சுப்பிரமணிய ஐயர் மகளை மூலையில் உட்கார வைக்காமல் படிக்க வைத்தார். 1911-இல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. பட்டம் பெற்றபோது, மதராஸ் மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்து விதவை அவர். உடனே எழும்பூரில், தன் குடும்பம் இருந்த வீட்டிலேயே, குழந்தை விதவைகளைச் சேர்த்துக்கொண்டு படிக்க வைக்கத் தொடங்கினார். முதலில் வந்தவர்கள் நான்கு பேர். பெண் பள்ளிகளின் ஆய்வாளராக இருந்த அயர்லாந்துப் பெண்மணி மிஸ் லின்ச் துணை நின்றார். 1912-இல் சாரதா மகளிர் சங்கம். எண்ணிக்கை பெருகவே இடம் போதாமல் போயிற்று. 1917-இல் அரசு, மெரினா கடற்கரையில் இருந்த ஐஸ் ஹவுஸ் கட்டடத்தை விலைக்கு வாங்கி விதவைகள் விடுதிக்குக் கொடுத்தது.

இவ்வளவையும் என் கட்டுரையில் எழுதியிருந்தேன். அந்தக் கட்டடத்தின் பூர்வீகத்தைக்கூட விடவில்லை. 1842-இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வரும் பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டியது, பிறகு வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் வாங்கி வீடாக்கியது, 1897-இல் விவேகானந்தர் தங்கியது, எல்லாம் உண்டு. ஒரு கட்டடத்துக்கு ஒன்றரைப் பக்கம் கொடுத்த நான், அந்தப் பெண்களோடு வாழ்ந்த ஒரு மனுஷிக்கு ஒன்றரை வரி கொடுத்திருக்கிறேன்.

இத்தனைக்கும் தகவல் இல்லாமல் இல்லை. மோனிகா ஃபெல்டன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி மதராஸில் வாழ்ந்து, முதுமையிலிருந்த சுப்புலட்சுமியோடு பேசிப் பேசி எழுதிய வாழ்க்கை வரலாறு 1966-இல் வந்தது. அதைத்தான் நானும் பயன்படுத்தினேன். இரண்டாம் முறை வாசித்தபோது வேறு புத்தகம்போல இருந்தது. அதில் நெடுகச் சித்தி இருக்கிறார். சுப்புலட்சுமியின் தாயாரின் தங்கை. அவரும் இளம் வயதிலேயே கணவனை இழந்தவர். அக்காள் வீட்டில் இருந்துகொண்டு அக்காள் பிள்ளைகளை வளர்த்தவர். சுப்புலட்சுமிக்கு அம்மா பாதி, சித்தி பாதி. இல்லம் தொடங்கியபோது அதை நடத்திச் செல்லும் பொறுப்பு இயல்பாகச் சித்தியிடம் வந்து சேர்கிறது. ‘இயல்பாக’ என்று எழுதும்போதே கை நிற்கிறது. விதவையான பெண் ஒருத்தி ஒரு வீட்டில் செய்யும் வேலைக்கு நம் சமூகம் கொடுக்கும் பெயர் அது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சுப்புலட்சுமிக்குப் பகலெல்லாம் பள்ளி வேலை. மாலையில் சங்கம், நன்கொடை, அதிகாரிகளுக்குக் கடிதம், பெற்றோரைப் பார்த்துப் பெண்ணை அனுப்பச் சொல்லிக் கெஞ்சும் பயணங்கள். வீட்டை விட்டு முதல் முறையாக வந்த பத்து வயது, பன்னிரண்டு வயதுச் சிறுமிகள். மொட்டையடிக்கப்பட்டவர்கள் இருந்தார்கள். தாங்கள் பாவம் செய்தவர்கள் என்று நம்பவைக்கப்பட்டவர்கள் இருந்தார்கள். முதல் தூமை வந்து பயந்தவர்கள் இருந்திருப்பார்கள். இரவில் அழுதவளை யார் தூங்க வைத்தது? நனைந்த விரிப்பை யார் அலசிப் போட்டது? இதற்கு ஆவணம் கேட்டால் என்னிடம் இல்லை. ஆவணம் ஏன் இல்லை என்பதுதான் என் கேள்வி. விரிப்பை அலசியதற்கு ரசீது கிடையாது.

ஊர் சுப்புலட்சுமியைச் ‘சகோதரி’ என்று அழைத்தது. அந்தச் சொல் பட்டமாகி அவர் பெயருக்கு முன்னால் நின்றுவிட்டது. வாலாம்பாளின் ‘சித்தி’ பட்டமாகவில்லை. உறவுப் பெயராக இருந்து அவருடைய சொந்தப் பெயரையே தின்றுவிட்டது. சுப்புலட்சுமியைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். அவர் இல்லாமல் அந்தக் கதவே திறந்திருக்காது. கதவைத் திறப்பது ஒரு வேலை, திறந்த கதவுக்குள் இரவு தங்குவது இன்னொரு வேலை. முதலாவதுக்குச் சிலை உண்டு.

சித்தியை மீட்டெடுத்துப் புனிதராக்கும் ஆசையும் எனக்கு வந்தது. அதைத் தடுத்தது சாதி. ஐஸ் ஹவுஸ் பிராமண விதவைகளுக்கான விடுதி. அங்கே ஆசாரம் கடைப்பிடிக்கப்பட்டது. அப்படி இல்லையென்றால் ஒரு தகப்பன்கூட மகளை அனுப்பியிருக்க மாட்டான் என்பது உண்மை. அது உத்தி என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் அந்தக் கட்டுரையில் அப்படித்தான் வாதாடினேன். ஆனால் ஆசாரம் என்பது கொள்கை அறிக்கையில் நடப்பதல்ல. அடுக்களையில் நடப்பது. யார் தண்ணீர் எடுக்கலாம், யார் எதைத் தொடலாம், எந்தத் துணி எங்கே காய வேண்டும் என்று நாள்தோறும் பார்த்துக்கொள்வது வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணின் பொறுப்பு. தூங்க வைக்கும் கையே தீட்டையும் காவல் காத்தது. பராமரிப்பு என்றாலே நல்லது என்று எழுதிவிட முடியாது என்பதை அந்த அடுக்களையிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அந்த அடுக்களைக்குள் நுழைய முடியாத பெண்கள் எங்கே போனார்கள்? இந்தக் கேள்விதான் மதராஸில் அடுத்த வீட்டைக் கட்டியது.

முத்துலட்சுமி ரெட்டியும் 1886-இல் பிறந்தவர். சுப்புலட்சுமிக்கு ஒரே வயது. தந்தை நாராயணசாமி ஐயர் புதுக்கோட்டை மன்னர் கல்லூரியின் முதல்வர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். 1912-இல் மதராஸ் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார், பிறகு மதராஸ் சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினரானார், தேவதாசி ஒழிப்புக்காகப் போராடினார். அந்தப் போராட்டத்துக்கு எதிர்ப்பு ஆண்களிடமிருந்து மட்டும் வரவில்லை. பெங்களூர் நாகரத்தினம்மாள் உள்ளிட்ட தேவதாசிப் பெண்களே எங்கள் கலையையும் சொத்தையும் பறிக்காதீர்கள் என்று எதிர்த்தார்கள். மீட்பு என்ற சொல்லுக்குள் எவ்வளவு ஒழுக்கப் போதனை ஒளிந்திருக்கிறது என்று பெண்ணிய ஆய்வாளர்கள் பின்னால் விரிவாகக் கேட்டிருக்கிறார்கள். அந்த விவாதத்தை இங்கே விரிக்கப் போவதில்லை. எனக்கு வேண்டியது ஓர் இரவு.

1930 வாக்கில் தேவதாசிக் குடும்பங்களைச் சேர்ந்த சில சிறுமிகள் முத்துலட்சுமியின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அந்த வாழ்க்கை வேண்டாம் என்று வந்தவர்கள். அன்றைய மதராஸில் பெண்கள் விடுதிகள் சாதிவாரியாக இருந்தன. இவர்களைச் சேர்த்துக்கொள்ள விடுதிகள் தயாராக இல்லை. முத்துலட்சுமி அவர்களைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டார். அப்படித் தொடங்கியதுதான் அவ்வை இல்லம். பின்னர் அடையாறில் நிலைபெற்றது. சாதி பார்க்காமல் எந்தப் பெண்ணுக்கும் இடம் என்பது அதன் அடிப்படை.

அவ்வை என்ற பெயரைத் தேர்ந்தெடுத்தது எனக்கு எப்போதும் பிடிக்கும். வீடில்லாமல் ஊர் ஊராகப் போனவள் என்று மரபு நினைவில் வைத்திருக்கும் பெண் அவள். சங்கப் பாடல்களின் அவ்வைக்குப் புறநானூற்றில் அதியமான் வாயிலில் காக்க வைக்கப்பட்ட கதை உண்டு. வாயில்காவலனிடம் நேருக்கு நேர் பேசிவிட்டு, எந்தத் திசையிலும் எனக்குச் சோறு உண்டு என்று கிளம்பத் தயாராகிறாள். கதவு அடைக்கப்பட்ட பெண்களுக்கான வீட்டுக்கு இதைவிட நல்ல பெயர் கிடையாது. ஆனால் எந்தத் திசையிலும் சோறு உண்டு என்று சொல்ல அவளிடம் பாட்டு இருந்தது. அந்தச் சிறுமிகளிடம் என்ன இருந்தது?

அரசும் இதே காலத்தில் இந்த வேலைக்குள் வருகிறது. 1920-இன் மதராஸ் குழந்தைகள் சட்டம் இந்தியாவிலேயே அவ்வகையில் முதலாவது. குற்றம் செய்த சிறுவரையும் ஆதரவற்ற சிறுவரையும் அது ஒரே சட்டத்துக்குள் கொண்டுவந்தது. ‘சான்றளிக்கப்பட்ட பள்ளி’ என்றொரு இடம் உண்டாயிற்று. சித்தி இருந்த இடத்தில் வார்டன் வந்தார். வார்டன் என்ற சொல் சிறைக்கும் பொது, விடுதிக்கும் பொது. அவருக்குக் கீழே ஆயா. போர்ச்சுகீசியர் விட்டுப்போன சொல், வெள்ளைக்காரர் வீடுகளில் குழந்தை வளர்த்த நம் ஊர்ப் பெண்களின் பெயராகி, இன்றுவரை பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் சம்பளப் பட்டியலின் கடைசி வரியில் நிற்கிறது. நூறாண்டு கழித்து, 2015-இன் இளைஞர் நீதிச் சட்டத்தைத் தொட்டு வந்த விதிகளில் அந்தப் பதவி ‘இல்லத் தாய்’ ஆகியிருக்கிறது. பெயரில் மரியாதை ஏறியிருக்கிறது. எங்கள் ஆயாம்மாவுக்குச் சம்பளத்தில் ஏறவில்லை. தாய் என்று போட்டுவிட்டால் எட்டு மணி நேரக் கணக்குக் கேட்க முடியாது அல்லவா?

இனி நான் எழுதத் தயங்கிக்கொண்டே வந்த பகுதி.

நான் போகத் தொடங்கிய முதல் ஆண்டு, பன்னிரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த ஒருத்தி எனக்கு நெருக்கமானாள். அவளை அடையாளம் காட்டும் எதையும் இங்கே எழுதவில்லை. நன்றாகப் படிப்பாள், கோபம் அதிகம், சாப்பாட்டில் ரசம் ஊற்றினால் எழுந்து போய்விடுவாள். அவளுக்கு மார்ச் மாதம் பதினெட்டு முடிகிறது. பதினெட்டுக்குப் பிறகு பின்காப்பு என்று ஓர் ஏற்பாடு சட்டத்தில் உண்டு. 21 வயதுவரை, தேவைப்பட்டால் 23 வரைகூட. காகிதத்தில் இருப்பது படுக்க இடமாக மாறக் கொஞ்சம் காலம் எடுக்கும். ஆணை வர வேண்டும், இடம் காலியாக வேண்டும். அவளுக்கு எதுவும் உறுதியாகவில்லை. ஒரு சனிக்கிழமை, விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருக்கும்போது, தலை நிமிராமல் கேட்டாள்: “மிஸ், உங்க வீட்ல எத்தன ரூமு?”

எனக்குப் புரிந்தது. புரியாததுபோல, “சின்ன வீடுதான்ம்மா” என்றேன். என் வீட்டில் மூன்று அறைகள். ஒன்றில் புத்தகங்கள்.

சட்டப்படி நான் அவளை அழைத்துப்போக முடியாது என்பது நிஜம். அதை அவளிடம் சொல்லியிருக்கலாம். எங்கே, யாரிடம் கேட்கலாம் என்று சேர்ந்து தேடியிருக்கலாம். நான் சொன்னது பொய். வீட்டின் அளவைப் பற்றிய பொய். அவள் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, பின்பக்கச் சுவரேறிப் போய்விட்டாள்.

எனக்குத் தகவல் வந்தது சனிக்கிழமைதான். பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே சிவப்பு மையில் ‘தப்பியோடியவர்’ என்று எழுதியிருந்தார்கள். காவல் நிலையத்தில் புகார், குழந்தைகள் நலக் குழுவுக்குக் கடிதம் என்று முறைப்படி எல்லாம் நடந்திருந்தன. முறைக்கு வெளியே நடந்தது ஒன்றுதான். ஆயாம்மா தேடப் போயிருந்தார். இரவு வேலை முடித்துக் காலை ஏழு மணிக்கு வெளியே வந்து, வீட்டுக்குப் போகாமல், சென்ட்ரல், மூர் மார்க்கெட் புறநகர் நடைமேடைகள், எழும்பூர், பூக்கடை, கோயம்பேடு. மாலை ஏழுக்குத் திரும்ப வேலை. மூன்று நாள். கையில் அவளுடைய பள்ளி அடையாள அட்டையின் நகல்.

சங்க அகப்பாடல்களில் பெண் வீட்டை விட்டுப் போவதற்கு உடன்போக்கு என்று பெயர். போனவளைத் தேடிப் பாலை நிலத்தில் நடப்பவள் யார் என்று வகுப்பில் கேட்டால் மாணவிகள் அம்மா என்பார்கள். நற்றாய் பெரும்பாலும் வீட்டிலிருந்து புலம்புவாள். வழியில் இறங்குபவள் செவிலி, வளர்த்தவள். கலித்தொகையில் அவள் எதிரே வரும் அந்தணர்களை நிறுத்தி, என் மகளைப் பார்த்தீர்களா என்று கேட்கிறாள். அவர்கள் சந்தனம், முத்து, யாழிசை என்று உவமை சொல்லி, பிறந்த இடத்துக்கு அவற்றால் பயனில்லை, போனது சரிதான் என்று தேற்றி அனுப்புகிறார்கள். நற்றிணையில் நரைத்த கூந்தலோடு செவிலியர் பால்கிண்ணத்தை ஏந்திக்கொண்டு ஓடும் சிறுமியின் பின்னால் ஓடி மூச்சுவாங்கித் தளர்கிறார்கள். தொல்காப்பியம் செவிலியின் மகளைத்தான் தோழி என்கிறது. பெண்ணின் ரகசியம் காக்கும் இருவருமே வளர்ப்பு வேலை செய்யும் வீட்டிலிருந்து வருகிறவர்கள். பத்தாண்டுக்கு மேல் இந்தப் பாடல்களை நடத்தியிருக்கிறேன். துறை விளக்கம் சொல்லியிருக்கிறேன். செவிலிக்குக் கால் வலிக்குமா என்று ஒருமுறைகூட யோசித்ததில்லை. அவளுக்கும் பெயர் கிடையாது. ஆனால் அவள் வாயில் பாட்டு வைத்திருக்கிறார்கள். போனவளைத் தப்பியோடியவள் என்று அவள் எங்கும் சொல்வதில்லை.

மூன்றாம் நாள் கோயம்பேட்டில், பூ மொத்த விற்பனைக் கடை ஒன்றின் ஓரத்தில், மல்லிகை கட்டிக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவே அவள் உட்கார்ந்திருந்தாள். ஆயாம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து தானும் பூக் கட்டத் தொடங்கினாராம். ஒரு மணி நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவள்தான் கேட்டிருக்கிறாள், “சாப்ட்டியா ஆயாம்மா?” இதெல்லாம் ஆயாம்மா எனக்குப் பின்னால் சொன்னது. “கூட்டிட்டு வரணும்னு போவல மிஸ். உசுரோட இருக்காளான்னு பாக்கத்தான் போனேன். பாத்துட்டேன். அப்புறம் அவளாதான் வரேன்னா.”

வந்தாள். பரீட்சை எழுதினாள். மூன்று மாதத்தில் பின்காப்பு இல்லம் ஒன்றில் இடமும் கிடைத்தது.

ஆயாம்மாவுக்கு மெமோ கொடுத்தார்கள். பணி நேரத்தில் உறங்கியதால் பெண் தப்பிக்க நேர்ந்தது என்று. நான்கு நாள் சம்பளம் பிடித்தம். மெமோவைப் படித்துக் காட்டச் சொல்லி என்னிடம் கொடுத்தார். படித்துக் காட்டினேன். பதில் எழுதித் தரச் சொன்னார், எழுதிக் கொடுத்தேன். “தூங்கலன்னு எழுதாதீங்க மிஸ். தூங்கினேன்தான். முந்தின ராத்திரி ஒரு பாப்பாவுக்கு ஜொரம், கண்ணே மூடல. அத வேணா எழுதுங்க.” அப்படியே எழுதினேன். பிடித்தம் ரத்தாகவில்லை. அதே மாதம் இல்லத்தின் ஆண்டு விழாவில் தன்னார்வலர்களுக்குச் சான்றிதழ் வழங்கினார்கள். எனக்கும் ஒன்று. கண்ணாடிச் சட்டம் போட்டது. பிள்ளைகளின் வாழ்வில் ஒளியேற்றியமைக்காக. மேடையேறி வாங்கிக்கொண்டேன். ஆயாம்மா அன்று சமையலறையில் இருந்தார், விருந்தினர் அதிகம்.

நூறாண்டு கழித்து அந்த இல்லத்தைப் பற்றி யாராவது ஆய்வு செய்தால் என்ன கிடைக்கும் என்று யோசித்தேன். ஆண்டறிக்கை கிடைக்கும், அதில் நிறுவனர்களின் பெயர் இருக்கும். விழாப் படத்தில் நான் சான்றிதழோடு நிற்பேன். ஆயாம்மாவைப் பற்றி ஒரே ஓர் ஆவணம் இருக்கும், அந்த மெமோ. அவர் வரலாற்றில் தூங்கியவராக இருப்பார்.

வாலாம்பாள் பற்றி ஒரு முழுக் கட்டுரை எழுத வேண்டும் என்று மூன்று ஆண்டுகளாக முயல்கிறேன். ஃபெல்டனின் புத்தகம், சங்க அறிக்கைகள், ஐஸ் ஹவுஸில் படித்து ஆசிரியைகளான பெண்களின் குடும்பங்களில் ஏதாவது நினைவு என்று தேடுகிறேன். ஒரு வீட்டில், பாட்டி சித்தியைப் பற்றி ஏதோ சொல்வாள், இப்போது நினைவில்லை என்றார்கள். ஐஸ் ஹவுஸ் இன்று விவேகானந்தர் இல்லம். உள்ளே கண்காட்சி இருக்கிறது. மாணவிகளை அழைத்துக்கொண்டு போனபோது, மேல்மாடியில் நின்று கடலைப் பார்த்தபடி, இந்தச் சன்னல்களை இரவில் யார் சாத்தியிருப்பார்கள் என்று கேட்டேன். ஒருத்தி, “வாட்ச்மேன் மேம்” என்றாள்.

அந்தப் பெண் இப்போது ஒரு பெரிய ஜவுளிக் கடையில் வேலை பார்க்கிறாள், நிற்கிற வேலை. தோழிகள் மூவரோடு அறை எடுத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆயாம்மாவுக்குப் போன் செய்வாள். எனக்குச் செய்வதில்லை.

இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கியபோது ஆயாம்மாவிடம் போய், உங்களைப் பற்றி ஒரு புத்தகத்தில் எழுதுகிறேன், உங்கள் முழுப் பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன். சந்தோஷப்பட்டார். அப்பா பெயரின் முதல் எழுத்தோடு போடச் சொன்னார், கணவர் பெயர் வேண்டாம் என்றார். ஊரின் பெயரையும் சொன்னார். எழுதிக்கொண்டேன். கிளம்பி வாசல்வரை வந்தபோது கூப்பிட்டார்.

“மிஸ், அந்தப் புக்க ஆபீஸ்ல படிப்பாங்களா?”

“படிக்கலாம் ஆயாம்மா. தெரியாது.”

கொஞ்ச நேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். “அப்ப பேரு வேணாம் மிஸ். ஜூன்ல ஆர்டர் புதுசு பண்ணணும்.”